நெட்வொர்க் கடைசியில் நிற்கட்டும்: சர்வரை நிறுத்தும்போது இணைப்புகளை முடிக்கும் முறை

எந்த சர்வரும் நிற்கும்போது தனியாக நிற்பதில்லை. அந்த நொடியில் யாரோ ஒருவர் அதிலிருந்து கோப்பு இறக்கிக்கொண்டிருப்பார். வேறொரு கணினி அதன் டேட்டாபேஸில் பாதிப் பரிவர்த்தனையில் இருக்கும். நிர்வாகி எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பார். சர்வரும் தன் பங்குக்கு, இன்னொரு சேமிப்பகத்தின் கோப்புறையை நெட்வொர்க் வழியாகத் தன்னோடு மவுன்ட் செய்து வைத்திருக்கும். மின்சாரம் நிற்பதற்குள் இவர்கள் எல்லோருக்கும் சேதி போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் நின்றுபோன கணினிக்கு நட்டம் எதுவும் இல்லை, காத்திருப்பவர்களுக்குத்தான் நட்டம். உறைந்த திரை, பாதியில் அறுந்த கோப்பு, மணிக்கணக்கில் விடுபடாத பூட்டு எல்லாம் அவர்கள் தலையில் விழும்.

அதனால் சர்வரை நிறுத்துவதை மற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையாகவே பார்க்க வேண்டும். அந்தக் கடமையைப் படிப்படியாக எப்படி நிறைவேற்றுவது என்று பார்ப்போம். உதாரணத்துக்கு டெபியன் அல்லது உபுண்டு ஓடும் ஒரு லினக்ஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். அதில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் இருக்கின்றன. ஒரு என்எஃப்எஸ் மவுன்ட்டும் எஸ்எஸ்ஹெச் வசதியும் உண்டு. சேவைகளைத் தொடங்குவதும் நிறுத்துவதும் சிஸ்டம்டியின் பொறுப்பு.

முதலில்: இணைப்பு முடியும் மூன்று விதங்கள்

டிசிபியின் விதிகள் 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக வந்தன. 2022 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9293 அதன் இடத்தைப் பிடித்தது. இடையில் 40 ஆண்டுகள் ஓடியும் இணைப்பை முடிக்கும் முறை அடிப்படையில் மாறவில்லை.

முதல் விதம், ஃபின். "அனுப்ப வேண்டியதையெல்லாம் அனுப்பிவிட்டேன்" என்று ஒரு பக்கம் ஃபின் பாக்கெட் அனுப்பும். எதிர்ப்பக்கம் அதற்கு ஒப்புகை தந்து, தன் வேலை முடிந்ததும் தானும் ஒரு ஃபின் அனுப்பும். அதற்கும் ஒப்புகை வந்துவிட்டால் கணக்கு தீர்ந்தது.

இரண்டாவது, ரீசெட். "இந்த இணைப்பு இனி இல்லை" என்று ஒரே வெட்டு. வழியில் இருக்கும் டேட்டா பறிபோகலாம். ஆனாலும் எதிர்ப்பக்கத்துக்கு விஷயம் உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, மௌனம். ஒரு பாக்கெட்டும் வராது. எதிர்ப்பக்கம் எதையும் அனுப்பாமல் பதிலுக்காக மட்டும் காத்திருந்தால், இணைப்பு செத்துவிட்டது என்று டிசிபி தானாக ஒருபோதும் கண்டுபிடிக்காது. மூன்றில் மோசமானது இதுதான். கீழே வரும் படிகளில் பாதி, இந்த மௌனத்தைத் தவிர்ப்பதற்காகவே.

இன்னொரு விஷயமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒரு புரோகிராமை எவ்வளவு முரட்டுத்தனமாகக் கொன்றாலும், அது திறந்து வைத்திருந்த சாக்கெட்டுகளைக் கெர்னல் மூடிவிடும். மூடும்போது ஃபின் போகும். படிக்காத டேட்டா பஃபரில் மிச்சமிருந்தால் லினக்ஸ் ரீசெட் அனுப்பும். "அப்படியானால் எல்லாவற்றையும் கெர்னலே பார்த்துக்கொள்ளுமே" என்று தோன்றும். இரண்டு காரணங்களால் அது போதாது. அந்தப் பாக்கெட் வெளியே போக நெட்வொர்க் உயிரோடு இருக்க வேண்டும் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. அதைப் படி 3-இல் பார்ப்போம்.

படி 1: புதியவர்களை நிறுத்துங்கள்

கல்யாணப் பந்தியில் சாப்பிட உட்கார்ந்தவரை யாரும் எழுப்புவதில்லை. கடைசிப் பந்தி என்று தெரிந்த பிறகு புதிதாக யாரையும் உட்கார வைப்பதும் இல்லை. சர்வரிலும் அதே வரிசைதான். முதலில் புதிய வரவை நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பவர்களை அப்புறம் கவனிக்கலாம்.

முன்னால் லோட் பேலன்சர் இருந்தால் வேலை அங்கிருந்து தொடங்குகிறது. ஹெச்ஏபிராக்ஸியில் ஒரு சர்வரை "டிரெயின்" நிலைக்கு மாற்றினால் புதிய பயனர்களை அது வேறு சர்வர்களுக்குத் திருப்பிவிடும்; ஏற்கெனவே உள்ள இணைப்புகளைத் தொடாது. கையால் மாற்றாமல் ஹெல்த் செக்கை நம்பியிருந்தால், சர்வர் தன் ஹெல்த் செக் முகவரியில் 503 என்று பதில் சொல்லத் தொடங்க வேண்டும். ஹெச்ஏபிராக்ஸி இயல்பாக 2 விநாடிக்கு ஒருமுறை சோதிக்கும். தொடர்ந்து 3 முறை தோற்ற பிறகே அந்த சர்வரை ஒதுக்கும். ஆக, 503 சொல்லத் தொடங்கிய பிறகும் சுமார் 6 விநாடி புதிய இணைப்புகள் வந்துகொண்டிருக்கும். அதுவரை கதவைத் திறந்தே வைத்திருங்கள். கதவு என்பது லிசனிங் சாக்கெட். அவசரப்பட்டு அதை மூடினால், கெர்னலின் வரிசையில் நின்றும் புரோகிராம் இன்னும் ஏற்காத இணைப்புகளுக்கு ரீசெட் போய்விடும். வாசல் வரை வந்தவரைத் திருப்பி அனுப்புவது எந்தப் பிழையும் செய்யாத பயனரைத் தண்டிப்பதாகும்.

உள்ளே நுழைந்து வேலை பார்ப்பவர்களுக்கும் முன்னறிவிப்பு கொடுங்கள். ஷட்டவுன் கட்டளையோடு எத்தனை நிமிடம் கழித்து என்று குறிப்பிட்டால், உள்ளே இருக்கும் எல்லாருடைய திரையிலும் அறிவிப்பு வரும். நேரத்துக்கு 5 நிமிடம் முன்பு நோலாகின் என்ற கோப்பை சிஸ்டம்டி உருவாக்கும். அது இருக்கும்வரை சாதாரணப் பயனர்கள் புதிதாக நுழைய முடியாது.

படி 2: கையிலுள்ள வேலையை முடியுங்கள், ஆனால் கெடு வையுங்கள்

ஒரு சேவையை நிறுத்தும்போது சிஸ்டம்டி முதலில் சிக்டெர்ம் சிக்னல் அனுப்பும். அந்தப் புரோகிராம் வேலையை முடித்துக்கொண்டு தானாக விலக வேண்டும். விலகாவிட்டால் இயல்பாக 90 விநாடி பொறுத்திருந்துவிட்டு சிக்கில் அனுப்பும். அதை எந்தப் புரோகிராமும் மறுக்க முடியாது.

ஒரே சிக்னலுக்கு ஒவ்வொரு சேவையும் ஒவ்வொரு அர்த்தம் கொள்வதுதான் இங்கே சிக்கல். என்ஜின்எக்ஸுக்கு சிக்டெர்ம் வந்தால் உடனே நின்றுவிடும். சிக்குவிட் வந்தால்தான் பாதியிலுள்ள கோரிக்கைகளை முடித்துவிட்டு நிற்கும். டெபியன் தரும் யூனிட் கோப்பு சிக்குவிட் அனுப்பி 5 விநாடி காத்திருக்கிறது. சின்ன இணையப் பக்கங்களுக்கு 5 விநாடி தாராளம். பெரிய கோப்புகளை வழங்கும் சர்வருக்கு அது போதாது. பயனர் அரை மணி நேரமாக இறக்கிக்கொண்டிருக்கும் கோப்பு அறுந்துவிடும். உங்கள் சேவை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அளந்து, அதற்கு ஏற்ற கெடுவை நீங்களே எழுதிவையுங்கள்.

போஸ்ட்கிரெஸில் மூன்று விதமான நிறுத்தம் உண்டு. "ஸ்மார்ட்" முறை எல்லா இணைப்புகளும் தாமாகப் போகும்வரை காத்திருக்கும். ஒரே ஒரு பயனர் இணைப்பைத் திறந்துவிட்டு மறந்துபோனால்கூட முடிவே வராது. "ஃபாஸ்ட்" முறை நடப்பில் உள்ள பரிவர்த்தனைகளைப் பின்வாங்கச் செய்து, நிர்வாகியின் கட்டளையால் இணைப்பு முடிகிறது என்று பயனருக்குச் சொல்லிவிட்டுத் துண்டிக்கும். "இம்மீடியட்" முறை அப்படியே விட்டுவிட்டுப் போகும். அடுத்த முறை எழும்போது மீட்பு வேலை நடந்தாக வேண்டும். 9.5 பதிப்பிலிருந்து ஃபாஸ்ட்தான் இயல்பு. அது சரியான தேர்வு என்றே நான் நினைக்கிறேன். கெடு இல்லாத பொறுமை சர்வரை நிற்கவே விடாது. பொறுமையே இல்லாத நிறுத்தம் மற்றவரின் வேலையைக் குலைக்கும். முடிந்ததைக் காத்து, முடியாததை வெளிப்படையாக ரத்து செய்வது இரண்டுக்கும் நடுவே உள்ள நேர்மையான வழி.

படி 3: புரோகிராம் தன் மொழியிலேயே விடைபெறட்டும்

கெர்னலிடம் விடக் கூடாது என்பதற்கான இரண்டாவது காரணம் இங்கே வருகிறது. ஃபின் பாக்கெட் சொல்வது "அனுப்ப வேண்டியதெல்லாம் முடிந்தது" என்று. பாதிக் கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது புரோகிராம் கொல்லப்பட்டாலும் கெர்னல் அனுப்புவது அதே ஃபின்தான். பெறுபவருக்கு வேறுபாடு தெரியாது. நீளம் குறிப்பிடாத பழைய ஹெச்டிடிபி பதிலாக இருந்தால், பாதிக் கோப்பையே முழுக் கோப்பு என்று எடுத்துவைத்துக்கொள்வார். பிழைச் செய்தி எதுவும் வராது. பிழை என்று தெரிந்தாலாவது திரும்ப முயலலாம்; சத்தமில்லாமல் குறைந்துபோன டேட்டாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதனால் முடிவை டிசிபிக்கு மேலே உள்ள அடுக்கில் சொல்ல வேண்டும். நல்ல புரோட்டோகால்கள் எல்லாவற்றிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஹெச்டிடிபி பதிலில் மொத்த நீளத்தை முன்னதாகவே அறிவிக்கலாம். துண்டு துண்டாக அனுப்பினால் கடைசியில் பூஜ்ய நீளத் துண்டு வரும். டிஎல்எஸ்ஸில் குளோஸ் நோட்டிஃபை என்ற அறிவிப்பு உண்டு. அது வராமல் ஃபின் மட்டும் வந்தால் யாரோ நடுவில் வெட்டியிருக்கலாம் என்று பெறுபவர் சந்தேகப்பட முடியும். ஹெச்டிடிபி 2-இல் கோ-அவே என்ற ஃபிரேம், கடைசியாக எந்தக் கோரிக்கை வரை கவனித்தேன் என்று எண் போட்டுச் சொல்லும். அதற்குப் பிந்தியவற்றைத் தயங்காமல் வேறொரு சர்வரிடம் அனுப்பலாம் என்று பயனர் பக்கம் தெரிந்துகொள்ளும். வெப்சாக்கெட்டில் 1001 என்ற எண், சர்வர் விலகுகிறது என்பதைக் குறிக்கும். 2021-இல் வந்த க்விக் புரோட்டோகால் டிசிபியையே பயன்படுத்துவதில்லை என்பதால், இணைப்பு முடிவுக்கென்று தனி ஃபிரேம் வைத்திருக்கிறது.

நீங்கள் எழுதும் சேவை சிக்டெர்ம் கிடைத்ததும் இந்த அறிவிப்பை அனுப்புகிறதா என்று பாருங்கள். பல புரோகிராம்கள் அந்தச் சிக்னலைக் கண்டுகொள்வதே இல்லை. வந்ததும் அப்படியே செத்துவிழும். சில வரிகளில் சரிசெய்யக்கூடிய குறை அது.

படி 4: கடைசி பாக்கெட் போய்ச் சேர்வதைப் பாருங்கள்

புரோகிராம் எழுதுபவர்கள் பலர் நம்பும் ஒரு விஷயம் தவறானது. சாக்கெட்டில் எழுதியது வெற்றி என்று பதில் வந்தால், டேட்டா கெர்னலின் பஃபருக்குப் போய்விட்டது என்றுதான் பொருள். அது எதிர்ப்பக்கத்தை அடைந்ததற்கு அத்தாட்சி இல்லை. சாக்கெட்டை மூடியதும் வெற்றி என்று வந்தால், அதுவும் அப்படியே. புரோகிராம் விலகிய பிறகும் மிச்ச டேட்டாவையும் ஃபின்னையும் கெர்னல் பின்னணியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால் எல்லாம் போச்சு.

புரோகிராமுக்குள் செய்ய வேண்டியது இது: எழுதும் பக்கத்தை மட்டும் முதலில் மூடுங்கள்; எதிர்ப்பக்கம் தன் பக்கத்தை மூடியது தெரியும்வரை படித்துக்கொண்டிருங்கள்; பிறகு முழுவதும் மூடுங்கள். பணப் பரிவர்த்தனை போல முக்கியமானது என்றால், "பெற்றேன்" என்று எதிர்ப்பக்கப் புரோகிராமே பதில் சொல்லும்படி வடிவமையுங்கள்.

சர்வர் அளவிலும் ஒன்று செய்யலாம். சேவைகள் எல்லாம் விலகியதும், அவை விட்டுப்போன சாக்கெட்டுகள் தீர்ந்தனவா என்று சிஸ்டம்டி பார்ப்பதில்லை. அதைப் பார்க்க ஒரு சின்ன யூனிட் எழுதலாம். நெட்வொர்க்குக்குப் பின்னும் மற்ற சேவைகளுக்கு முன்னும் தொடங்கும்படி அதை வரிசைப்படுத்துங்கள். நிறுத்தும் வரிசை தலைகீழாக வரும் என்பதால், சேவைகள் நின்ற பிறகு, நெட்வொர்க் நிற்பதற்கு முன் அதன் முறை வரும். அப்போது எஸ்எஸ் கட்டளையை ஓட்டி, ஃபின்-வெயிட்-1, குளோசிங், லாஸ்ட்-ஆக் நிலைகளில் ஏதாவது சாக்கெட் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, சில விநாடி வரை காத்திருக்கட்டும். உள்ளூர் நெட்வொர்க்கில் கண்ணிமைப்பதற்குள் தீர்ந்துவிடும். டைம்-வெயிட் நிலையில் இருப்பவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். லினக்ஸில் அது 60 விநாடி நீளும். ஆனால் அந்த நிலைக்கு வந்துவிட்டால் இரு பக்கமும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டன.

படி 5: நெட்வொர்க் சேமிப்பகத்தை விடுவியுங்கள்

நிறுத்தும் கட்டளை கொடுத்தும் சர்வர் நிற்காமல் தொங்குகிறதா? முதலில் சந்தேகப்பட வேண்டியது என்எஃப்எஸ்ஸை. என்எஃப்எஸ் மவுன்ட் இயல்பாகவே "ஹார்ட்" வகை: சேமிப்பகம் பதில் சொல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுதிய டேட்டா காணாமல் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிடிவாதம். நெட்வொர்க் முதலில் நின்றுவிட்டால் அதே பிடிவாதம் தலைவலியாகிறது. மவுன்ட்டை அவிழ்க்கும்போது நினைவகத்தில் தேங்கிய டேட்டா சேமிப்பகத்துக்குப் போக வேண்டும். போக வழி இல்லை. நிறுத்தும் வேலை அங்கேயே சிக்கிக்கொள்ளும். பொறுமை இழந்து யாராவது மின்விசையை அணைத்தால் தேங்கியதெல்லாம் அழிந்துபோகும்.

என்எஃப்எஸ் போன்ற வகையை சிஸ்டம்டி பெயரை வைத்தே அடையாளம் கண்டு, நெட்வொர்க் நிற்பதற்கு முன் அவிழ்க்கும். ஐஸ்கஸி வழியாக வரும் டிஸ்க்கில் சாதாரண எக்ஸ்ட்4 இருந்தால் அதற்குத் தெரியாது. உள்ளூர் டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மவுன்ட்களுக்கு எஃப்எஸ்டேப் கோப்பில் "_நெட்டெவ்" என்ற விருப்பத்தை நீங்களே சேர்க்க வேண்டும்.

படி 6: எஸ்எஸ்ஹெச் அமர்வுகளை விட்டுவிடாதீர்கள்

ரீபூட் கட்டளை கொடுத்தவுடன் உங்கள் டெர்மினல் உறைந்து நிற்பது பலருக்கும் பழக்கமான காட்சி. காரணம் வரிசைப் பிழை. டெபியனில் எஸ்எஸ்ஹெச் சேவையை நிறுத்தினால் முதன்மைப் புரோகிராம் மட்டும் நிற்கும். ஏற்கெனவே நுழைந்தவர்களின் அமர்வுகள் தொடரும். சேவையைப் புதுப்பிக்கும்போது நிர்வாகி வெளியே தள்ளப்படக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். அந்த அமர்வுகளைப் பதிவு செய்யும் லிப்பாம்-சிஸ்டம்டி என்ற பொதி நிறுவப்பட்டிருந்தால், ஒவ்வொரு அமர்வும் தனி யூனிட்டாகி, நெட்வொர்க் இருக்கும்போதே முறையாக முடிக்கப்படும். பொதி இல்லாவிட்டால் அமர்வுகள் கடைசிக் களையெடுப்பு வரை உயிரோடிருந்து, நெட்வொர்க் போன பிறகு கொல்லப்படும். ஃபின் வெளியே வர வழியில்லாமல் உங்கள் டெர்மினல் உறையும். சர்வரில் அந்தப் பொதி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே உறைந்த டெர்மினலை விடுவிக்க என்டர், டில்டே, புள்ளி என்று வரிசையாக அழுத்தினால் போதும்.

படி 7: கடைசியில் நெட்வொர்க்

மேலே உள்ள அத்தனையும் ஒரே ஒரு வரியை நம்பியிருக்கிறது: "ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்". தொடங்கும்போது இந்த வரிக்குப் பெரிய மதிப்பு கிடையாது. நெட்வொர்க் தயாராகிவிட்டது என்று அது உறுதி தருவதில்லை. அதற்கு நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் தனியாக இருக்கிறது. நிறுத்தும்போதுதான் இந்த வரிக்கு முழுப் பயன். தொடக்க வரிசையைத் தலைகீழாக்கித்தான் சிஸ்டம்டி நிறுத்துகிறது. ஆகவே இந்த வரி உள்ள ஒவ்வொரு சேவையும் நெட்வொர்க்குக்கு முன்பே நின்றுவிடும்.

சேவைகள் போனதும் கணினி தன் முகவரியிலிருந்து விலகுகிறது. 1997-இல் வந்த டிஹெச்சிபி விதிப்படி முகவரியை முறைப்படி திருப்பிக் கொடுக்கலாம், கட்டாயமில்லை. ஆட்கள் வந்து போகும் இடத்தில் திருப்பிக் கொடுத்தால் முகவரி அடுத்தவருக்கு உடனே கிடைக்கும். வைஃபையில் விலகல் ஃபிரேம் போகும். அதன் பிறகு இடைமுகம் அணைந்து, டிஸ்க்குகள் அவிழ்ந்து, மின்சாரம் நிற்கும்.

மின்சாரம் சொல்லாமல் போனால்

இத்தனை ஒழுங்கும் ஒரு மின்வெட்டில் அர்த்தமற்றுப் போகலாம். யூபிஎஸ் இருந்தால் சர்வருக்கு அவகாசம் கிடைக்கும். அதே யூபிஎஸ்ஸில் நெட்வொர்க் ஸ்விட்ச்சையும் கட்டாயம் இணையுங்கள். சர்வர் உயிரோடிருந்து ஸ்விட்ச் முதலில் அணைந்தால் ஒரு ஃபின்கூட வெளியேறாது. ஒரு யூபிஎஸ்ஸில் பல கணினிகள் இருந்தால், நட் என்ற திறந்த மூல மென்பொருள் பேட்டரி தீர்வதை நெட்வொர்க் வழியாக எல்லாவற்றுக்கும் சொல்லும். யூபிஎஸ்ஸோடு நேரடியாகப் பிணைந்த முதன்மைக் கணினி மற்றவை விலக இயல்பாக 15 விநாடி வரை காத்திருந்து கடைசியில் நிற்கும். அந்தச் சேதி போகவும் ஸ்விட்ச் வேண்டும்.

யூபிஎஸ்ஸும் கைவிடும் நாள் வரும். அதனால் எதிர்ப்பக்கம் விடைபெறும் செய்தியை நம்பியே இருக்கக் கூடாது. ரீபூட் ஆன கணினியிடம் பழைய இணைப்பில் ஏதாவது அனுப்பினால் ரீசெட் கிடைத்துத் தெளிவாகிவிடும். ஒரேயடியாக நின்றுபோன கணினியிடம் அனுப்பினால், லினக்ஸ் இயல்பாகச் சுமார் 15 நிமிடம் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்த பிறகே கைவிடும். எதுவும் அனுப்பாமல் காத்திருந்தால் கீப்-அலைவ்தான் கதி. புரோகிராம் கேட்டுக்கொண்டால் மட்டுமே அது இயங்கும். இயங்கினாலும் முதல் சோதனை 2 மணி நேரம் கழித்து. அதையும் சேர்த்து 75 விநாடிக்கு ஒன்றாக 9 சோதனை. மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. அவ்வளவு நேரம் ஒரு டேட்டாபேஸ் பூட்டு விடுபடாமல் இருப்பதை எந்த அலுவலகம் தாங்கும்? இந்த அளவுகளைக் குறையுங்கள். எஸ்எஸ்ஹெச்சில் சர்வர்-அலைவ்-இன்டர்வல் வையுங்கள். உங்கள் புரோகிராமில் இதயத்துடிப்புச் செய்தி சேருங்கள்.

சோதித்துப் பாருங்கள்

இன்னொரு கணினியில் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, சர்வரை நிறுத்துங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஃபின் வருகிறதா, ரீசெட் வருகிறதா, எதுவுமே வரவில்லையா என்று எழுதி வையுங்கள். சர்வர் எழுந்ததும் முந்தைய பூட்டின் ஜர்னலைத் திறந்து, சேவைகள் நின்ற வரிசையைப் பாருங்கள். 90 விநாடி காத்திருந்து சிக்கில் வாங்கிய சேவையின் பெயர் அதில் இருக்கும். ஜர்னல் டிஸ்க்கில் நிலையாகச் சேமிக்கப்பட்டால்தான் இது தெரியும் என்பதால் முன்பே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். பிறகு சோதனைக் கணினி ஒன்றின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, எதிர்ப்பக்கம் எத்தனை நேரத்தில் உணர்கிறது என்று அளந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால், உங்கள் கையால் எழுதிய யூனிட் கோப்புகளில் தொடங்குங்கள். டெபியன் தரும் சேவைகளின் வரிசையைப் பலர் பார்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். நாம் எழுதியவற்றை நாம்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் "ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்" இருக்கிறதா, சிக்டெர்மைக் கேட்கிறதா, நிறுத்தக் கெடு நிஜ வேலைக்குப் போதுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுங்கள். இந்த மூன்றும் சரியாகிவிட்டால், உங்கள் சர்வரோடு பேசிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் அது நின்றதை அந்த நொடியே அறிந்து, அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள்.